மீதி இல்லாத எண்

கூட்டம் தொடங்கும் முன் எண் சொல்வது பனிச்சரிவில் வழக்கம்.

ஒன்பது வீடுகளின் தலைவர்களும் உலைக்கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். முதலில் நிற்பவர் தணிகாசலம். அவர் "மூணு" என்பார். ஒரு வீடு, ஒரு பங்கு, மீதி கிடையாது. அடுத்தவர் "எட்டு" என்பார். முப்பத்தெட்டு. இரண்டு வீட்டுக்குப் பிரித்தால் மீதி கிடையாது. அதற்கடுத்தவர் "ஒண்ணு" என்பார். முந்நூற்று எண்பத்தொன்று. மூன்று வீட்டுக்குப் பிரித்தாலும் மீதி கிடையாது. இப்படியே ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டம் பதில் சொல்லும். கடைசியில் நிற்பவள் அமலோற்பவம்.

"ஒம்பது."

"மீதி இல்ல."

381654729. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை வந்தவர்களுக்குச் சமமாகப் பிரியும். ஒன்பது இலக்கங்களை மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி அடுக்கலாம். அத்தனையிலும் இந்த ஒன்றுதான் இப்படி நடந்துகொள்ளும். பூமியில் அது ஒரு வேடிக்கைக் கணக்கு. செவ்வாயில் அதுதான் சட்டம்.

வீடுகள் தனித்தனி விண்கலங்களில் வந்தவை. ஒவ்வொன்றும் ஓர் உலோகத் தட்டைக் கொண்டுவந்தது. தட்டில் ஓர் இலக்கம்; அதுதான் வீட்டுக்குப் பெயர். பனிக்கட்டியைப் பிளந்து காற்றாக்கும் உலையில் வரிசையாக வாய்கள் இருந்தன. தட்டை வாயில் செருகினால் அந்த வீட்டுக்குக் குழாய் திறக்கும். உலையைக் காக்கும் யந்திரத்துக்கு மூளை மிகச் சிறியது. பெரிய மூளைகளை இங்குள்ள கதிர்வீச்சு தின்றுவிடும். அதற்குத் தெரிந்தது மூன்றே விதி. தட்டுகளை முதலிலிருந்து படிக்கும்; ஒவ்வோர் இடத்திலும் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே இலக்கம் இரண்டு முறை வரக் கூடாது. எத்தனை வீடு என்று ஒருமுறை எண்ணிவிட்டால் அதற்குக் குறைய விடாது. எதில் பிசகினாலும் எல்லாக் குழாயும் மூடும். ஜனங்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருமுறை ஐந்தாம் வீட்டில் விஷக் காய்ச்சல் கண்டது. அந்த வீட்டைத் துண்டித்துவிடலாம் என்று சிலர் தட்டை உருவினார்கள். கணக்குப்பிள்ளை எல்லா வீட்டுக்கும் காற்றை நிறுத்தியது. தட்டு திரும்ப வாய்க்குப் போன பிறகுதான் திறந்தது. ஐந்தாம் வீடு பிழைத்தது. ஊருக்குப் பெருமை வந்தது அன்றுதான். நம்மில் யாரையும் கழிக்க முடியாது என்று பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். வெட்கப்பட வேண்டியதைப் பெருமையாக மாற்றிக்கொண்டோம் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியதுண்டு. ஆனாலும் பாடும்போது அவளும் கைதட்டினாள்.

இப்போது புழுதிப் புயல். சூரியன் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. மின்சாரம் குறைந்தது, உலை இளைத்தது. பங்கு வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு அல்ல. மற்ற வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒன்பதாம் வீட்டில் நாற்பத்தொரு பேர். எல்லாரும் பனி வெட்டுகிறவர்களும் அவர்கள் குடும்பங்களும். புயலில் வெட்டு இல்லை. வேலையில்லாத நாற்பத்தொரு பேரை மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும்.

"உன் ஆளுங்களைக் கொஞ்சம் படுத்தே இருக்கச் சொல்லும்மா" என்றார் தணிகாசலம், கூட்டம் கலையும்போது. "நடமாட்டம் குறைஞ்சா மூச்சும் குறையும்."

"எழுந்திரிக்கவே இல்லண்ணே. பெறகு எங்கிட்டுப் படுக்கது?"

அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் மாமனார் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தார்.

*

மறுநாள் மதியம் ஐந்தாம் வீட்டிலிருந்து பூவராகன் தொலைபேசினான். காய்ச்சல் காலத்தில் அவன்தான் அந்த வீட்டின் தலைவன். இப்போதும் அவன்தான்.

"யக்கா, ஒரு கலம் எறங்கியிருக்கு. உங்க வீட்டுக்கு வடக்கால. கவுந்து கெடக்கு."

"நமக்கு யாரு கலம் அனுப்புதா?"

"பத்தாவது கலமாம். பூமியோட தொடர்பு அறுந்தப்பறம் கெளம்பினது. உள்ள ஒரே ஒரு பொம்பள. காத்து இல்ல, மின்கலம் இல்ல, எல்லாம் நொறுங்கிப் போச்சு. கையில தட்டு மட்டும் வச்சிருக்காங்க."

"என்ன எண்ணு?"

"சைபரு."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. பூவராகன் சிரிக்கவில்லை.

"தணிகாசலம் ஐயா அவங்களோட கவச ரேடியோல பேசினாரு. பேசி முடிச்சதும் பலகையில கணக்குப் போட ஆரம்பிச்சாரு. யக்கா, அந்தத் தட்டு ஒம்பதாவது வாய்லயும் செல்லும்."

"அதெப்படிச் செல்லும்?"

"ஒம்பதால வகுபடணும்னா எலக்கத்தக் கூட்டிப் பாக்கறதுதானே. மொத்தம் நாப்பத்தஞ்சு. உங்க ஒம்பத எடுத்துட்டு சைபர வச்சா முப்பத்தாறு. முப்பத்தாறும் ஒம்பதால போகுது. எண்ணிக்கையும் கொறையாது. ஒம்பது வீடு ஒம்பது வீடாவே இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு ஒரு சந்தேகமும் வராது."

அமலோற்பவம் திரும்பி, படுத்துக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"நாப்பத்தொரு பேருக்குப் பதிலா ஒரு ஆளு. அவங்களுக்குப் போக மிச்சப் பங்கு எல்லாருக்கும்." பூவராகன் நிறுத்தினான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க. பரவால்ல."

அவள் தொலைபேசியை வைப்பதற்கும் வெளிக்கதவு தட்டப்படுவதற்கும் சரியாக இருந்தது. வரிசையில் கடைசி வீடு ஒன்பது. வடக்கிலிருந்து நடந்து வந்தால் முதலில் கண்ணில் படும் வீடும் அதுதான்.

அவள் தம்பி சூசை கதவருகே நின்றான். பேச்சின் பாதி அவன் காதில் விழுந்திருந்தது. மீதியை அக்காளின் முகத்தில் படித்திருந்தான்.

"தொறக்காத யக்கா."

"காத்து முடிஞ்சுபோவும்ல அவளுக்கு."

"அவ உள்ள வந்தா நமக்கு முடிஞ்சுபோவும். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நின்னா போதும். புயல்ல கதவு தட்டுன சத்தம் கேக்கல. அம்புட்டுத்தான்."

இரட்டைக் கதவுகளில் பதித்திருந்த சிறிய கண்ணாடிகள் வழியே அமலோற்பவம் பார்த்தாள். புழுதி அப்பிய கவசம். இன்னொரு முறை தட்டுவதற்காகக் கை எழுந்தது. பிறகு, தட்டாமல், கீழே இறங்கியது. கெஞ்சுகிற கை அல்ல. தட்டினோம், கேட்டிருக்கும், இனி அவர்கள் பாடு என்பது போல இருந்தது.

அமலோற்பவத்துக்கு அது பிடித்தது. அவளும் அப்படித்தான் தட்டியிருப்பாள்.

"சூசை, நம்ம ஆளுக வெட்டுன பனியிலதான் இந்த ஊரு மூச்சு விடுது."

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"நம்ம வாசல்ல ஒருத்தி மூச்சில்லாம செத்தான்னு இருக்கக் கூடாது."

"நம்ம பிள்ளைக சாவலாமா?"

அமலோற்பவம் அவனை விலக்கிவிட்டுக் கதவருகே போனாள். வெளிக்கதவைத் திறந்தாள். காற்று நிறைந்தபின் உள்கதவையும் திறந்தாள்.

கவசத்தைக் கழற்றியபோது உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். தலையில் வெள்ளைத் துணி. உதடு வெடித்திருந்தது. வலது கையில் தட்டு. அதை அவள் கீழே வைக்கவில்லை.

"மெஹருன்னிசா. காயல்பட்டணம்."

"நாங்க தூத்துக்குடி" என்றாள் அமலோற்பவம். "கஞ்சி இருக்கு."

சூசை சுவரில் சாய்ந்து நின்றான். காயல்பட்டணம் என்றதும் அவன் வாய் தன்னை அறியாமல், அக்காளை லாத்தா என்னும் அந்த ஊர் முறைக்குப் போயிற்று.

"லாத்தா, ஒண்ணுமில்லாதத தூக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தியளா?"

"ஒண்ணுமில்லாததுதான் கனம் கொறைவு, தம்பி. கலத்துல எடைக் கட்டுப்பாடு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். அமலோற்பவம் கஞ்சியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மறைத்துப் பேச அவளுக்கு வராது.

"அந்தத் தட்டு எங்க வாய்லயும் செல்லும். தெரியுமா?"

மெஹருன்னிசா ஒரு மிடறு விழுங்கினாள்.

"தெரியும்."

"தணிகாசலம் அண்ணன் உங்கள ஒம்பதாவது வாய்ல செருகச் சொல்லுவாரு."

"ரேடியோவுலயே சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"நேர்ல வந்து சொல்றேன்னேன்." அவள் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். "எல்லாம் தெரிஞ்சுதான் கதவத் தொறந்தியா?"

"ஆமா."

மெஹருன்னிசா அவளை நீண்ட நேரம் பார்த்தாள்.

*

உலைக்கூடத்தில் எல்லாத் தலைவர்களும் வந்திருந்தார்கள். அன்று யாரும் எண் சொல்லவில்லை. பனிச்சரிவில் எண் சொல்லாமல் தொடங்கிய முதல் கூட்டம் அது.

சுவரில் வாய்கள் வரிசையாக இருந்தன. ஒன்பதில் தட்டுகள். பத்தாவதன் மேல் மூடி. அதற்கப்பால் சுவர். பத்தாவது வாய் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. உபரி என்று நினைத்திருந்தார்கள்.

தணிகாசலம் ஒன்பதாவது வாயருகே நின்றார். அவர் கை தட்டின் விளிம்பில் இருந்தது.

"நான் பேசறது கெட்டவன் பேச்சு மாதிரி இருக்கும்" என்றார். "இருக்கட்டும். எட்டு வீட்டுல எம்பத்தெட்டு பேர் இருக்காங்க. இந்தப் புயல் எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் போறதா, கொஞ்சம் பேர் போறதா? அதான் கேள்வி. நான் இத ஆசையா கேக்கல."

"எங்களையும் ஒருநா இதே கேள்வியத்தான் கேட்டீங்க" என்றான் பூவராகன்.

"அன்னிக்கு நாங்க தப்பு பண்ணோம். காய்ச்சல் நின்னுடுச்சு. இது நிக்கல."

"நிக்கலன்னு இன்னைக்கே எப்படித் தெரியும்?"

தணிகாசலம் மெஹருன்னிசாவிடம் திரும்பினார்.

"அம்மா, நான் தட்ட உருவினதும் நீங்க உடனே செருகணும். கணக்குப்பிள்ளை பத்து எண்ணற வரைக்கும் பொறுக்கும். உங்களுக்கு எங்க வீட்டுல எடம் இருக்கு. ஒரு ஆளுக்குப் போக மீதிய எல்லாருக்கும் பிரிச்சிடலாம்."

மீதி என்ற சொல் கூடத்தில் விழுந்தது. அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் "இல்ல" என்று வரும். இன்று வரவில்லை. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாரும் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். அவள் அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டும் இருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணும் கேக்க வரல" என்றாள். "கேட்டு வாங்குன மூச்ச எங்க பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இவுக எங்க கதவத் தட்டுனப்ப, தட்டு என்னன்னு எனக்குத் தெரியும். தொறந்தேன். அது மட்டும் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்."

பிறகு ஒன்பதாவது இடத்தில் போய் நின்றாள். எண் சொல்லும்போது அவள் எப்போதும் நிற்கும் இடம்.

மெஹருன்னிசா நடந்தாள். செவ்வாயின் இலகுவான நடை இன்னும் அவளுக்குப் பழகவில்லை. ஒவ்வோர் அடியும் கொஞ்சம் அதிகமாக எழும்பியது. தணிகாசலத்தின் முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"கைய எடுங்க, ஐயா. இடிக்குது."

அவர் கையை எடுத்தார். ஒன்பதாவது வாய்க்கு வழி விடச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் ஒன்பதாவது வாயைக் கடந்தாள். பத்தாவதன் மூடியைத் திருகிக் கழற்றினாள். தட்டைச் செருகினாள்.

உலை நின்றது.

கணக்குப்பிள்ளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியது. மூன்றின் மேல் விளக்கு எரிந்தது. எட்டின் மேல். ஒன்றின் மேல். கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. விடுவதற்குக் காற்றும் வரவில்லை. ஏழு. இரண்டு. ஒன்பது. பிறகு, இதுவரை எரியாத விளக்கு ஒன்று, முதல் முறையாக.

உலை மறுபடி முனகியது. பத்துக் குழாய்கள் திறந்தன.

3816547290. எந்த எண்ணுக்குப் பின்னால் சைபர் நின்றாலும் அது பத்தால் வகுபடும். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதை அந்த இடத்தில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தணிகாசலம் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பத்துன்னு எண்ணிடுச்சு" என்றார் மெதுவாக. "இனிமே ஒம்பதுக்குக்கூட எறங்காது."

"எறங்காது" என்றாள் மெஹருன்னிசா.

*

எல்லா வீட்டுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மெஹருன்னிசாவுக்கு வீடு இல்லை. அவள் ஒன்பதாம் வீட்டில் தங்கினாள். பத்தாவது குழாயையும் இழுத்து அங்கேயே விட்டார்கள். நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டு பங்கு. பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் ஓடவும் தொடங்கினார்கள். ஓடாதே என்று அதட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

சூசைக்கு மட்டும் அடங்கவில்லை.

"லாத்தா, ஒண்ணு கேக்கணும். இந்த எண்ண யாரு கண்டுபிடிச்சது?"

"எண்ண யாரும் கண்டுபிடிக்கல. அது பழசு. இங்க பூட்டா வைக்கலாம்னு சொன்னது நான்."

அமலோற்பவம் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"நடுவுல யாரையும் உருவ முடியாது. கடைசி ஆளையும் கழிக்க முடியாது. ரொம்பப் பெருமையா இருந்துச்சு எனக்கு" என்றாள் மெஹருன்னிசா. "நீங்கள்லாம் பொறப்பட்ட பெறகு ஒருநா சும்மா உக்காந்து பாக்குறேன். ஓட்டை. சைபருக்கு மட்டும் ரெண்டு எடம். ஒம்பதாவதும் செல்லும், பத்தாவதும் செல்லும். வேற எந்த எடத்துல போட்டுப் பாத்தாலும் நிக்கல. அந்த ஓட்டையில விழக்கூடிய வீடு ஒண்ணே ஒண்ணு. உங்க வீடு."

"சொல்லி அனுப்பிருக்கலாம்ல?"

"யாருக்கிட்ட? சொன்னா ஓட்டையும்ல சேந்து தெரிஞ்சுபோவும்."

"தட்ட உருக்கிப் போட்டுருக்கலாம்ல?"

"இங்க எவனாச்சும் தகரத்துல சைபர் வெட்டினா போதும். உருக்கினா ஓட்டை அடையாது, தம்பி. பத்தாவது வாய்ல அது நின்னாத்தான் அடையும். பத்து எலக்கமும் தீந்துபோவும். அதுக்கப்பறம் எல்லாருக்கும் ஒரே எடந்தான்."

சூசை விடவில்லை.

"அப்ப வேற யாரு கையிலயாவது குடுத்து..."

"குடுக்கத்தான் இருந்தாங்க. நல்ல பயக. தைரியசாலிக." மெஹருன்னிசா சிரித்தாள். "ஆனா கையில சைபரோட வர்றவன் முன்னால ரெண்டு வாய் இருக்கும். பசியோட வருவான். ஒரு வாய்க்கு எல்லாரும் கூப்பிடுவாங்க. இன்னொரு வாய்க்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு யாரையும் நம்ப முடியல. அதான் நானே வந்தேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்த தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"வழியெல்லாம் ஒரு பயம். நான் பூட்டப் போற கதவு இருக்கே, அதுக்கு உள்ள இருக்கிறவங்க அதுக்குத் தகுதியான ஆளுகளான்னு தெரியாதே. தட்டிட்டு வாசல்ல நின்னப்ப அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சூசை எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, கேட்காமலே, அவள் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினான்.

*

புயல் ஓயும் முன் மூன்றாம் வீட்டில் ஒருவர் இறந்தார். தணிகாசலத்தின் மாமனார். காற்று போதாமல்தானா என்று யாரும் கேட்கவில்லை. பனியில் குழி வெட்டியவர்கள் ஒன்பதாம் வீட்டு ஆட்கள். சூசைதான் முதல் வெட்டு.

சூரியன் கொஞ்சம் வெளுத்த ஒரு நாளில் மறுபடி கூட்டம் போட்டார்கள். தலைவர்கள் வரிசையாக நின்றார்கள். தணிகாசலம் முதலிடத்துக்கு வரத் தயங்கினார். வேறு யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லை. நிற்க முடியாது, எண் அதை அனுமதிக்காது. அவர் வந்து நின்றார்.

"மூணு."

"மீதி இல்ல."

எட்டு. ஒன்று. ஆறு. பூவராகன் "அஞ்சு" என்று தேவைக்கு அதிகமாகவே உரக்கச் சொன்னான். நான்கு. ஏழு. இரண்டு.

"ஒம்பது" என்றாள் அமலோற்பவம். இலக்கங்களிலேயே பெரியது தன்னுடையது என்று அவளுக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. இன்றும் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும், இத்தனை காலத்தில் முதல் முறையாக, தனக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பதன் சூடு முதுகில் தெரிந்தது.

"சைபர்" என்றாள் மெஹருன்னிசா.

கூட்டம் ஒரு கணம் தடுமாறியது. ஒன்பதோடு நிறுத்தியே பழகிய நாக்குகள்.

முதலில் பதில் சொன்னவர் தணிகாசலம்.

"மீதி இல்ல."